முளைக் காம்பராக்காரி

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறிக்கும்போது மூன்று பேருடைய வசதியைப் பார்ப்பார்கள். முதலாவது தோட்டத்துத் துரை. அவர் தலையாட்டினால்தான் கொழுந்து மலைக்கு லீவு. இரண்டாவது பலாங்கொடையிலிருந்து சவுண்ட் செட் கொண்டுவருகிறவர். அந்த மாதம் பூராவும் அவருக்கு வேறு தோட்டங்களில் கிராக்கி. மூன்றாவது, முளைப்பாரி வளர்க்கிற பெண். காப்புக் கட்டியதிலிருந்து அவள் தூரமாகக் கூடாது. எங்கள் லயங்களில், வரிசை வீடுகளில், மாதவிடாய் என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை, தூரம் என்றுதான் சொல்வார்கள். கோயில் கமிட்டி ஆண்கள் இதை வாய்விட்டுக் கேட்க முடியாமல் மனைவிமாரை அனுப்புவார்கள். அவர்கள் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வந்து சொன்ன பிறகுதான் தேதி நிச்சயமாகும்.

நான் அந்தப் பொறுப்புக்கு வந்த பிறகு கமிட்டிக்கு மூன்றாவது கவலை இல்லாமல் போனது. துரையையும் சவுண்ட் செட்காரரையும் கேட்டால் போதும். ஏனென்றால் நான் வருஷத்தில் ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவைதான் தூரமாவேன். அதுவும் எப்போது என்று எனக்கே தெரியாது.

எனக்கு முன்னால் முளை வளர்த்தவர் மகளோடு கொழும்புப் பக்கம் போய்விட்டார். அடுத்து யார் என்று பேச்சு வந்தபோது என் அத்தை, அப்பாவின் அக்கா, என்னைக் கைகாட்டினார். அத்தைதான் எங்கள் டிவிஷனில் கும்மிக்குத் தலைவி. மேல் லயத்து வாசலில் அவர் நின்று சாதாரணமாகப் பேசினாலே கீழ் லயத்திலிருந்து பதில் வரும். அப்படிப்பட்ட குரலில் அன்றைக்கு அவர் சொன்னதை இரண்டு லயமும் கேட்டது.

"இவ பெரிய மனுஷியாகி எத்தன வருசமாச்சு, எத்தன தடவ ஒதுங்கியிருக்கான்னு இவ அம்மாகிட்டயே கேளுங்க. வெரல் விட்டு எண்ணிறலாம். மத்த பொம்பளைகளுக்கெல்லாம் ஆத்தா மாசம் ஒரு தடவ கதவ சாத்துறா. இவளுக்கு மட்டும் தொறந்தே வச்சிருக்கா. அது சும்மாவா?"

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கேட்டுக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் திடீரென்று வானத்தைப் பார்த்தார்கள், மழை வருமா என்று. நான் உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் அத்தை சொன்ன அந்தக் கடைசி வார்த்தை மட்டும் என்னை விடவில்லை. அது சும்மாவா? அதுவரையில் என் உடம்பைப் பற்றி யாரும் எனக்கு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

என் தாடையில் ரோமம் இருந்தது. மேலுதட்டில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னை 'மச்சான்' என்று கூப்பிட்டார்கள். மஞ்சள் பூசினேன், பயற்றமா பூசினேன், நூலால் இழுத்தேன், கடைசியில் அப்பாவின் ஷேவிங் பிளேடை எடுத்தேன். எத்தனை செய்தாலும் மூன்றாம் நாள் விரலுக்குத் தட்டுப்படும். உடம்பும் பெருத்துக்கொண்டு போனது. அம்மா என்னைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனபோது அங்கே இருந்தவர் என்னை நிமிர்ந்தும் பார்க்காமல், "கல்யாணம் முடிச்சுக் குடுங்கம்மா, எல்லாம் சரியா வரும்" என்றார். முகத்தில் ரோமம் இருக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் எப்படி முடியும் என்பதை அவர் சொல்லவில்லை. அம்மா திரும்பி வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஆகவே ஆத்தா கொடுத்த வரம் என்று அத்தை சொன்னபோது, நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வேன்?

கீழ் லயத்துக் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை வீடு, அப்போது ஆளில்லாமல் கிடந்தது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் அதைக் கழுவி, மஞ்சள் தண்ணி தெளித்து, ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்குவோம். கீழே இருக்கிற சிங்களக் கிராமத்தில் ஒரு மாத்தையா, வயல் வைத்திருக்கிறவர், வைக்கோல் கொடுத்துவிடுவார். அவருக்கும் அம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. சட்டிகளில் வைக்கோலும் காய்ந்த சாணித்தூளும் நிரப்பி, ஊறவைத்த தானியங்களைப் பரப்பி, மேலே கொஞ்சம் தூளைத் தூவிவிட்டால் ஆயத்தம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் காம்பராவுக்குள் நான் மட்டும்தான் போகலாம். காலையிலும் மாலையிலும் குளித்து, ஈரச்சேலையோடு போய்த் தண்ணி தெளிப்பேன். ஒரு வேளைதான் சாப்பாடு. ராத்திரி அங்கேயே வாசலோரமாகப் பாய் போட்டுப் படுப்பேன்.

அந்த இருட்டை நான் எப்படிச் சொல்வது? முதல் இரண்டு நாள் ஊறிய பயறின் மணம் மட்டும் இருக்கும். மூன்றாம் நாள் விளக்கைக் கொண்டுபோனால் வெள்ளை மூக்கு தெரியும். பிறகு ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். வெயில் படாததால் பச்சை பிடிக்காமல், மஞ்சளும் வெள்ளையுமாக நெடுநெடுவென்று நிற்கும். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் அவற்றின் நடுவே உட்கார்ந்திருப்பேன். அங்கே கண்ணாடி இல்லை. என் முகத்தைப் பார்க்க ஆளும் இல்லை. அந்த நாட்களில் நான் பிளேடைத் தொட்டதில்லை, தொடத் தோன்றியதும் இல்லை. பலாங்கொடைக் கடையொன்றில் சோற்றுக் குழம்புக்கு முளைகட்டின பயறு பாக்கெட்டில் வைத்து விற்கிறார்கள். அதைப் பார்த்தால் இப்போதும் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பேன். கடைக்காரப் பெண் பழுதாகிவிட்டதோ என்று பயப்படுகிறாள்.

சாயந்தரம் கும்மி கொட்ட வருகிற பெண்கள் வாசலில் நின்று என்னிடம் திருநீறு வாங்குவார்கள். என்னைவிட மூத்தவர்கள், என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், எல்லாரும் குனிந்து நிற்பார்கள். குனிந்தவர்கள் யாரும் என் தாடையைப் பார்ப்பதில்லை. 'மச்சான்' என்று கூப்பிட்ட பையன் ஒருவன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து, "பூசி விடுங்கக்கா" என்றான். அந்த 'அக்கா'வைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. கடைசி நாள் முதல் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நான் முன்னால் நடப்பேன். மேளக்காரர் என் நடைக்குத்தான் அடிக்க வேண்டும்.

மற்ற நாட்களில் நான் புள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. கண்ணாடிக்கு முன்னால் நிற்பதும், பிறகு பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்துக் கொடுப்பதுமாக வருஷம் ஓடும். மனசுக்குள் அடுத்த திருவிழாவுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஏழெட்டு வருஷம் இப்படிப் போனது. பெண் பார்க்க வந்த இரண்டு பேர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். அதைப் பற்றி நான் பெரிதாக அழவில்லை. எனக்குத்தான் முளைக் காம்பரா இருந்ததே.

ஒரு மழைக்காலத்தில் எல்லாம் குழம்பியது. மாதக்கணக்கில் வராமல் இருந்தது ஒரு நாள் வந்தது, வந்தது நிற்கவில்லை. இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு புள்ளைக் காம்பராவில் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே விழுந்துவிட்டேன். த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நர்ஸ் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நங்கி, கடைசியா மாசம் வந்தது கவதத?" என்று, தங்கச்சிக்கும் எப்போதுக்கும் சிங்களத்தைப் போட்டுக் கேட்டார்.

"மதக்க நே" என்றேன். ஞாபகம் இல்லை.

"அதுக்கு முந்தி?"

அதுவும் ஞாபகம் இல்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டு இல்லை. எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. எங்கள் டிவிஷனில் எனக்குப் பெருமையாக இருந்த விஷயம், அந்தக் கட்டிலில் படுத்திருந்தபோது சொல்ல முடியாத ஒன்றாக இருந்தது.

ரத்தம் ஏற்றினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சூலகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் வரிசையாக இருக்கிறதென்றார்கள். ரோமத்தைப் பார்த்துவிட்டு ஆண் ஹோர்மோன் எவ்வளவு இருக்கிறது என்றும் ரத்தத்தில் பார்த்தார்கள். அது சரியான அளவில்தான் இருந்தது. உடம்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆண் ஹோர்மோன் சரியாக இருக்கிறதென்றால் என் தாடையில் இருப்பது என்ன? அப்படியானால் அத்தை சொன்னதுதான் உண்மையோ என்று கூட நினைத்தேன்.

அம்மா விடவில்லை. பலாங்கொடை டவுனில் பின்னேரங்களில் பார்க்கிற ஒரு முஸ்லிம் டாக்டரம்மா இருந்தார். அம்மா எங்கேயோ விசாரித்து என்னை அவரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மாவுக்கு டவுனிலேயே பிறந்து வளர்ந்த பேச்சு. பழைய ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, "இது பாதிக் கதை" என்றார். இன்னொரு ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். அது வந்த பிறகு எங்களை உட்காரவைத்து, "ஒங்கட வேல என்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஆ, அப்ப லேசா வெளங்கும். எல்லாப் பொம்புளைட ஒடம்புலயும் ஆம்புள ஹோர்மோன் கொஞ்சம் ஈக்குது. ஒங்கட புள்ளக் காம்பராவுல ஈக்கிற புள்ளையள் மாதிரின்டு வைங்க. அதுகள ஓடவிடாமக் கையில புடிச்சு வெச்சுக்கொள்ள ஒரு புரதம் ஈக்குது. ஈரல்ல உண்டாகுற சாமான். புடிச்சு வெச்ச ஹோர்மோன் ஒன்டும் செய்யாது. கை விட்டதுதான் ஓடித் திரிஞ்சு குழப்படி செய்யும். ஒங்களுக்குப் புள்ளையள் கூடவும் இல்ல, கொறவும் இல்ல. போன ரிப்போட் சொன்னது அதத்தான். பாத்துக்கொள்ற ஆள்தான் காணாது."

ஒரு ஆள் லீவு போட்ட நாளில் எங்கள் காம்பராவில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். ஒருவன் மாவைக் கொட்டுவான், ஒருத்தி கதவைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கிவிடுவாள். அப்படி ஓடிப்போனதுதான் என் தாடையில் முளைத்ததா?

"அந்தப் புரதம் ஏன் டொக்டர் கொறஞ்சிச்சு?" என்றேன்.

"சீனியச் சமாளிக்கிறதுக்கு ஒங்கட ஒடம்பு இன்சுலின அளவுக்கு மிஞ்சிச் சுரக்குது. அது கூடினா ஈரல் இந்தப் புரதத்தக் கொறச்சுப் போடும். சில பேருக்குப் பொறப்பாலயும் அப்பிடி." காலையும் மாலையும் கோதுமை ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியுமாக வளர்ந்த உடம்பு என்னுடையது. அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மாசாமாசம் வராட்டி நல்லதுன்டு நெனச்சுக்கொண்டு ஈக்காதீங்க. உள்ளுக்கு கருப்பைட தோல் தடிச்சுக்கொண்டே போற. அப்பிடியே உட்டா நாளைக்குக் கென்சர் மாதிரி வேற வருத்தத்துல கொண்டுபோய் உடும். அத மாசாமாசம் கழிய வைக்கணும்."

அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கியதும் அம்மாவின் முகம் மாறியது. எங்கள் தோட்டத்தில் மிட்வைஃப் கல்யாணமான பெண்களுக்குக் கொடுக்கிற குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவும் ஒரு காலத்தில் அதைச் சாப்பிட்டவர்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு காதோடு காதாகக் கேட்டார்.

"இத எதுக்குடி ஒனக்குக் குடுத்தாங்க?"

"இதுல இருக்கிறது ஈரலத் தட்டி எழுப்புமாம்மா. அந்தப் புரதம் கூடுமாம். மாசமும் ஒழுங்கா வருமாம்."

"லயத்துல எவளாச்சும் கண்டா என்னா சொல்லுவாளுக? கோயிலுக்கு மொள வளக்கிறவ கையில இந்த அட்ட இருக்குன்னா..." அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் இரண்டு வளைவு ஏறியது. பிறகு திடீரென்று, "எல்லாப் பொம்பளைக்கும் ஆம்பள சத்து இருக்குன்னுதானே அந்தம்மா சொன்னாங்க?" என்றார்.

"ஆமா."

"அதான் ஒங்க அத்தைக்கு அந்தக் கொரலு" என்றார் அம்மா. இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்த பிறகு அம்மா மாத்திரை அட்டையை வாங்கித் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அதை வைத்திருந்ததும், ஒவ்வொரு ராத்திரியும் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

முதல் மாதம் அட்டை முடிந்து இடைவெளி விட்டபோது வந்தது. இரண்டாம் மாதமும் வந்தது. சொன்ன நாளில் பஸ் வராத ஊர் எங்களுடையது. இது சொன்ன நாளில் வந்தது. டாக்டரம்மா திரும்ப ரத்தம் பார்த்து, புரதம் நன்றாக ஏறியிருக்கிறதென்றார். சீனியை விட்டேன். ரொட்டியைக் குறைத்தேன், அதற்குப் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். தாடையில் தட்டுப்படுவது மெல்ல மெல்லப் பிந்தியது. ஒரு நாள் காலையில் தடவிப் பார்த்துவிட்டு, பிளேடை எங்கே வைத்தேன் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கமிட்டி வழக்கம்போலத் துரையைக் கேட்டது, சவுண்ட் செட்காரரைக் கேட்டது, நாளைக் குறித்தது. நான் அம்மாவிடமிருந்து அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தேன். இடைவெளி விழுந்து ஆறேழு நாளில்தான் எனக்கு வரும், அது நேராகத் திருவிழாவின் கடைசி நாட்களில் போய் நின்றது. முதல் சட்டியைத் தூக்குகிற நாளில் நான் தூரமாக இருப்பேன்.

அன்றைக்கு நான் அழுதேன். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்காக அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதேன். முளைக் காம்பரா இல்லாவிட்டால் நான் யார்? தாடையில் ரோமம் குறைந்துவிட்ட, வயது ஏறிவிட்ட, புள்ளைக் காம்பராவில் மா கரைக்கிற ஒருத்தி. எனக்கு யார் குனிவார்கள்?

அத்தையிடம் மறைக்கக் கூடாது என்று போனேன். பீலியில் தண்ணி பிடித்துக்கொண்டிருந்தார். என் உடம்பில் என்ன இருந்தது, என்ன மருந்து சாப்பிடுகிறேன், எந்த நாளில் வரும், எல்லாவற்றையும் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது. அத்தை அதைப் பார்க்கவில்லை.

"அப்ப இத்தன வருசமா அது வரம் இல்லையா?" என்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சீக்கு அத்தை."

"நான் ஊரெல்லாம் சொன்னேனே." அவர் பீலிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆனால் அத்தை லேசில் விடுகிறவர் இல்லை. இரண்டு நாள் கழித்து பலாங்கொடைக்குப் போய்வந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "மருந்துக் கடையில வெசாரிச்சிட்டேன். எடவெளி விடாம அடுத்த அட்டையத் தொடர்ந்து போட்டா வராதாம். எத்தனையோ பொம்பளைங்க கதிர்காமம் போறதுக்கு, கல்யாண வீட்டுக்குன்னு போடுறாங்களாம். திருவிழா முடிஞ்சதும் விட்டுறு. யாருக்குத் தெரியப்போகுது? ஆத்தாவும் கோவிச்சுக்க மாட்டா."

அம்மா என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவுக்கு போன் பண்ணிக் கேட்டேன். ஒரு மாதம் அப்படித் தள்ளிப் போடுவதில் ஆபத்து ஒன்றும் இல்லை, "ஒங்கட விருப்பம்" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு லேசாகப் போயிருக்கும். இப்போது முடிவை நானேதான் எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

இரண்டு நாள் யோசித்தேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவின் வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தேன். பூட்டியிருந்த கதவுக்கு முன்னால் நின்றபோது எனக்கு முளையின் மணம் வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, ஆனாலும் வந்தது. போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா வழக்கம்போல மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அட்டையில் அதுதான் கடைசி மாத்திரை. இன்னொரு கையில் புது அட்டை இருந்தது, பிரிக்காமல். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

கடைசி மாத்திரையை மட்டும் எடுத்தேன்.

மறுநாள் அத்தையிடம் சொன்னேன். "இத்தன வருசமா அது தானாத் தள்ளிப் போச்சு அத்தை. இப்பத்தான் வருது. இனிமே நானா தள்ளிப் போட மாட்டேன்."

"அப்ப மொளைய யாரு பாக்கிறது?"

"நீங்கதான் பாக்கணும். ஒங்களுக்குத்தான் எப்பவோ நின்னுருச்சே."

அத்தை என்னை முறைத்தார். பிறகு, "கொழுப்புடி ஒனக்கு" என்றார். என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கை போன போக்கில் தாடையைத் தடவிப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் அந்த இடத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

முளை நன்றாக வந்தது. அதை ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. கொஞ்சமாவது குட்டையாக வந்திருக்கலாம். சாயந்தரங்களில் கும்மிச் சத்தம் கேட்கும்போது நான் வீட்டுக்குள் ரேடியோவைக் கூட்டி வைத்தேன். ஊர்வலத்துக்கு முதல் நாள் எனக்கு வந்தது, சொன்னபடி. அம்மா தனியாக ஒரு பாயைச் சுருட்டிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அந்தப் பாய் எனக்காக அவ்வளவு அபூர்வமாகத்தான் கீழே இறங்கியிருக்கும். அதன் ஓரம் கூடப் பிரியவில்லை.

ஊர்வலத்தன்று எல்லாரும் கோயிலுக்குப் போன பிறகு லயம் வெறிச்சென்றிருந்தது. மேளம் தொடங்கியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தூரமானவள் சாமி வருகிற பாதையில் நிற்கக் கூடாது. பாதைக்கு மேலே தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏறினேன், எங்கேயாவது ஒரு செடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம் என்று.

வளைவில் திரும்பினால் பெரிய கல்லொன்றின் மேல் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழ் லயத்து டிராக்டர் டிரைவரின் மனைவி, ஏ லெவல் படிக்கிற பெண் ஒருத்தி, கார்மென்ட்ஸிலிருந்து லீவில் வந்தவர்கள் இரண்டு பேர். எல்லாரையும் எனக்குத் தெரியும். எல்லாருக்கும் நான் திருநீறு பூசியிருக்கிறேன். அந்த வருஷம் தூரமாக இருந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். கடலை கொறித்துக்கொண்டு, போனில் ஊர்வலத்தைப் பிடித்துக்கொண்டு, ஆடுகிற ஆண்களைக் கேலி பண்ணிக்கொண்டு இருந்தார்கள். வருஷா வருஷம் இப்படி ஒரு கூட்டம் இந்தக் கல்லில் கூடுகிறதென்று எனக்குத் தெரியாது. தலையில் சட்டியோடு நடக்கிறவள் மேலே பார்க்க முடியாது.

என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். டிராக்டர் டிரைவரின் மனைவிதான் முதலில் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். கீழே அத்தை முதல் சட்டியோடு வந்துகொண்டிருந்தார். மஞ்சள் முளை அவர் நடைக்கு ஆடியது. என் கண் அதை விட்டு நகரவில்லை.

"ஒனக்கு இன்னைக்கு எத்தனாவது நாளு?" என்று அவள் கேட்டாள். ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டே, கடலைத் தோலை ஊதிக்கொண்டே, தேத்தண்ணி குடிச்சியா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். முப்பதைத் தொடப்போகிற எனக்கு அதுவரையில் ஒரு பெண்ணும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"ரெண்டாவது" என்றேன்.

"ரெண்டாவது நாளுன்னா வயித்த வலிக்குமே."

"ஆமா. வலிக்குது" என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி தாங்காமல்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் என் முதுகைத் தடவிவிட்டாள்.